இரண்டு செங்குத்துக் கோடுகள்: ஃபியோடரோவின் 2004 கட்டுரை பற்றி

யான் ஃபியோடரோவ் 2004-ல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில் எழுதிய சிறு கட்டுரையை மறுபடி படித்தேன். கேள்வி எளிது. பல பரிமாணங்களில் சமவாய்ப்பாக மேடும் பள்ளமுமாக இருக்கும் ஒரு சார்புக்குச் சராசரியாக எத்தனை நிலைப்புள்ளிகள், அதாவது சரிவு சுழியாகும் இடங்கள்?

எண்ணுவதற்குப் பழைய கருவி ஒன்று இருக்கு: 1940-களில் காட்ஸும் ரைஸும் தந்த வாய்பாடு. அதில் ஹெஸ்ஸியன் அணிக்கோவையின் மட்டு மதிப்பு வரும். அந்த மட்டுக்குறியோட சராசரி எடுப்பது பெரும்பாடு. அதனால ஸ்பின் கண்ணாடி ஆய்வுகளில் பலர் அதை விட்டுட்டே கணக்குப் போட்டாங்க.

விட்டா என்ன ஆகும்? ஒரே பரிமாணத்தில் பாருங்க: பள்ளம், மேடு, பள்ளம். பள்ளத்துக்கு +1, மேட்டுக்கு −1. கூட்டினா 1. இரு ஓரமும் மேலே ஏறும் வளைவில் எத்தனை மேடு பள்ளம் இருந்தாலும் விடை 1-தான். எண்ண வந்ததே காணாமப் போச்சு. 1991-லேயே குர்ச்சான் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார். பள்ளங்களை மட்டும் எண்ணினால் குறி மாறாது, அப்போ விடலாம். எல்லாத்தையும் எண்ணும்போது முடியாது.

ஃபியோடரோவ் கிண்ண வடிவச் சார்பு ஒன்றோடு சமவாய்ப்புச் சார்பைக் கூட்டுகிறார். மட்டுக்குறியை விடாமலே, கேள்வியை ஒரு பரிமாணம் கூடுதலான சமவாய்ப்பு அணியின் ஐகென் மதிப்பு அடர்த்தியாக மாற்றிவிடுகிறார். கட்டுரையின் அழகு இங்கேதான். எந்தப் பரிமாணத்துக்கும் துல்லியமான விடை கிடைக்குது. பரிமாணம் பெருகும்போது, கிண்ணத்தின் இறுக்கம் ஒரு வரம்பைத் தாண்டினால் எண்ணிக்கையில் அடுக்கேற்றம் இல்லை. வரம்பில் பாதியாகத் தளர்த்தினால், 100 பரிமாணத்தில் தலைமை உறுப்பு மட்டுமே சுமார் 65 லட்சம் கோடி!

எனக்கு ஒரே குறை: இது சராசரி. பத்து லட்சம் சார்புகளில் ஒன்றுக்கு மட்டும் ஒரு லட்சம் கோடி புள்ளிகள், மீதிக்கெல்லாம் ஒவ்வொன்று என்று வைங்க. சராசரி பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனா நீங்க கையில் எடுக்கும் சார்பில் அநேகமா ஒண்ணுதான் இருக்கும். கோள ஸ்பின் மாதிரிகளில், தாழ்ந்த ஆற்றல் புள்ளிகளுக்குச் சராசரியே வழக்கமான எண்ணிக்கையும் என்று எலிரான் சுபாக் 2017-ல் நிறுவினார். அந்த மாதிரி நிறுவல் இல்லாத இடத்துக்கு, குறிப்பா நரம்பு வலைகளுக்கு, இந்தப் பெரிய எண்ணைத் தூக்கிக்கொண்டு போறவங்க முதலில் இதற்குப் பதில் சொல்லணும்.