அப்பர்கட்: ஆபத்து யாருடைய அறிவு?

குத்துச்சண்டையில் ஜாப், கிராஸ் ஆகிய நேர்க் குத்துகள் கைவந்த பிறகே அப்பர்கட் பக்கம் போவார்கள். கீழிருந்து மேலாக எதிராளியின் தாடையை நோக்கி எழும் குத்து அது. அதன் பலம் கையில் இல்லை. முழங்கால் சற்றே மடிந்து இடுப்பு திரும்ப, தரையிலிருந்து எழும் விசையை முஷ்டி கொண்டுசேர்க்கிறது. முழங்கை மடங்கியே இருக்கும். உள்ளங்கை தன்னைப் பார்த்திருக்கும்.

ஆனால், குத்துவதற்காகக் கை இறங்கும் கணத்தில், அதுவரை அந்தக் கை காத்துவந்த சொந்தத் தாடை திறந்துகொள்கிறது. எதிராளியின் ஹூக்குக்கு அந்தக் கணம் போதும். தொலைவில் நின்று அப்பர்கட் வீசினாலோ, அது போய்ச் சேருமுன் எதிராளியின் நேர்க் குத்து வந்து விழுந்துவிடும். எவ்வளவு நெருங்கிய பின், எந்தக் குத்தின் மறைவில், எவ்வளவு நேரம் தன்னைத் திறந்துவைக்கலாம் என்று கணக்கிடுவதே இதில் கற்க வேண்டியது. நுட்பமும் ஆபத்தும் இங்கே ஒரே பாடம்.

இந்தப் பாடத்தைச் சினிமா இரண்டாகப் பிரித்து, நுட்பத்தை ஆணின் கொடையாகவும் ஆபத்தைப் பெண்ணின் விதியாகவும் ஆக்கிவிடுகிறது. கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய ‘மில்லியன் டாலர் பேபி’ (2004) இதற்குத் தெளிவான சான்று. உணவகப் பணியாளரான மேகி முப்பதைக் கடந்தவள். பெண்களுக்குக் கற்றுத்தர மாட்டேன் என்று மறுத்த ஃபிராங்கி பிறகு அவளை ஏற்கிறார். அவள் எதிராளிகளை முதல் சுற்றிலேயே வீழ்த்தத் தொடங்குகிறாள். அவளை முடக்கும் அடியோ, சுற்று முடிந்து மணி அடித்த பிறகு, அவள் திரும்பியிருக்கும்போது விழுகிறது. ஸ்டூல் மீது விழுந்து கழுத்து முறிகிறது. அதாவது, அவள் தெரிந்தே ஏற்ற ஆபத்து எதுவும் அவளை வீழ்த்தவில்லை. அவளது கணக்குக்கு வெளியிலிருந்து, தண்டனைபோல அது வருகிறது. அதன்பின் படம் ஃபிராங்கியின் அறச்சிக்கலாகிறது. கதை முழுவதையும் சொன்ன ஆண்குரல், ஃபிராங்கியின் மகளுக்கு எழுதப்பட்ட கடிதம் என்பது இறுதியில் தெரிகிறது. மேகியின் உடலில் நேர்ந்ததற்கு அர்த்தம் சொல்பவர்கள் இரண்டு ஆண்கள்.

இது ஒரு படத்தின் குறை மட்டுமன்று. ஆபத்திலிருந்து பெண்ணைக் காப்பதாகச் சொல்லியே இந்த விளையாட்டு அவளை நெடுங்காலம் வெளியே நிறுத்தியது. பிரிட்டனில் ஜேன் கவுச் உரிமம் கேட்டபோது, மாதவிடாய்க்கு முந்தைய உடல், மனநிலை மாற்றங்களால் பெண்கள் நிலைகுலைவார்கள் என்று குத்துச்சண்டை வாரியம் வாதிட்டது. 1998இல் தீர்ப்பாயத்தில் அவர் வென்றார். ஒலிம்பிக்கில் 1904லேயே இடம்பெற்ற குத்துச்சண்டை, பெண்களுக்குத் திறந்தது 2012 லண்டனில்தான். ஆண் ஏற்கும் ஆபத்துக்கு வீரம் என்று பெயர்; பெண் அதே ஆபத்தை ஏற்க முன்வந்தால் அவளுக்கு விவரம் போதாது என்பார்கள்.

கேரின் குசாமாவின் ‘கேர்ள்ஃபைட்’ (2000) இதற்கு மாறாக நகர்கிறது. குசாமா தாமே குத்துச்சண்டை பயின்றவர். புரூக்ளினில் வாழும் டயானாவின் தந்தை, ஓவியத்தில் நாட்டம் கொண்ட மகனின் பயிற்சிக்குக் காசு கொடுக்கிறார், மகளுக்கு மறுக்கிறார். இங்கும் பயிற்சியாளர் ஆண்தான். ஆனால் கற்றது டயானாவுடையதாகவே இருக்கிறது. இறுதிப் போட்டியில் எதிரே நிற்பவன் அவளுடைய காதலன். அவளோடு மோதத் தயங்குகிறான். அந்தத் தயக்கத்தை அன்பென்று படிக்க நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். டயானா அதை ஏற்கவில்லை. அவன் உண்மையாகவே சண்டையிட வேண்டும் என்கிறாள். அடி வாங்குகிறாள், கொடுக்கிறாள், நடுவர்களின் தீர்ப்பில் வெல்கிறாள். வெற்றிக்குப் பிறகு காதல் என்னாகும் என்ற பழைய கவலையிலிருந்து இந்தப் படமும் முழுதாக விடுபடவில்லை. என்றாலும், எவ்வளவு அடி வாங்கலாம் என்ற முடிவு இங்கே அவளுடையது.

போராடும் பெண்ணைக் காட்டும் எந்தப் பிரதியிலும், அவள் வென்றாளா என்பதோடு மாணவியர் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: கை இறங்கி, தாடை திறந்த அந்தக் கணத்தில் கணக்கு யாரிடம் இருந்தது?