கடற்கொள்ளையர்: ஒரு நூலும் அது வளர்த்த கதைகளும்

கடற்கொள்ளையன் என்று சொன்ன அளவிலே மாணவர் மனத்தில் எழும் உருவம் ஒன்றே. ஒற்றைக் கால், தோளில் ஒரு கிளி, இடையிலே வாள், கையிலே புதையல் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம். இவ்வுருவம் கடலிலிருந்து வந்ததன்று, நூலிலிருந்து வந்தது. ஸ்டீவன்சன் 1881-இல் எழுதத் தொடங்கி 1883-இல் நூலாக வெளியிட்ட 'புதையல் தீவு' என்னும் கதையே அதன் பிறப்பிடம். கிளியை ராபின்சன் குரூசோவிடமிருந்தும், எலும்புக்கூட்டை எட்கார் ஆலன் போவிடமிருந்தும் தாம் பெற்றதாக ஸ்டீவன்சனே பின்னாளில் ஒளிக்காமல் எழுதியுள்ளார். கதையில் வரும் சில்வருக்கு ஒற்றைக் காலும் மிடுக்கும் தந்தவர் அவருடைய நண்பராகிய கவிஞர் ஹென்லி.

கடன் பெற்றதை ஒப்புக்கொண்ட கதையாசிரியர் மீது குறை கூறுவதற்கில்லை. ஆனால் அவருக்குப் பயன்பட்ட மற்றொரு நூல் கதை நூலன்று. வரலாறு என்னும் பெயரோடு வெளிவந்த நூல். கடற்கொள்ளையரைப் பற்றி உலகம் நம்பிவரும் செய்திகளில் பெரும்பகுதி அந்த ஒரு நூலிலிருந்தே கிளைத்தது. ஆகவே அந்நூலின் தரத்தை அளந்து பார்ப்பது இன்றியமையாதது.

நூலும் ஆசிரியரும்

1724-ஆம் ஆண்டில் லண்டனில் 'கடற்கொள்ளையரின் பொது வரலாறு' வெளியாயிற்று. 1728-இல் அதன் இரண்டாம் பகுதி வந்தது. கப்பல் தலைவர் சார்லஸ் ஜான்சன் என்பது நூலின் முகப்பில் உள்ள பெயர். அப்பெயருடைய கப்பல் தலைவர் எவரும் அந்நூலோடு தொடர்புபடுத்தத் தக்கவராய் ஆவணங்களில் அகப்படவில்லை. அது புனைபெயர் என்பதே பொதுக் கருத்து. 1932-இல் ஜான் ராபர்ட் மூர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், இதை எழுதியவர் டேனியல் டீபோவே என்று வாதிட்டார். நூலகப் பட்டியல்கள் பலவும் அதை ஏற்று டீபோவின் பெயரையே பொறித்தன. 1988-இல் பர்பாங்கு, ஓவன்ஸ் என்னும் இருவர் அம்முடிவுக்குப் போதிய சான்றில்லை என்று நிறுவினர். 2004-இல் நதேனியல் மிஸ்ட் என்னும் பத்திரிகையாசிரியர் பெயர் முன்வைக்கப்பட்டது. அவர் முன்னாளில் மாலுமியாய் இருந்தவர்.

ஆசிரியர் யாராயினும் ஆகுக. நூற்செய்திகளை உரைத்துப் பார்க்க உரைகல் ஒன்று உண்டு. அக்காலத்து வழக்குமன்றப் பதிவுகளும், கொள்ளையரிடம் சிக்கி மீண்டவர்கள் தந்த வாக்குமூலங்களுமே அவ்வுரைகல். அவற்றோடு ஒப்பிட்டால் இந்நூல் ஒரே தரத்தது அன்று என்பது புலப்படும். ஒரு பகுதி பொன். ஒரு பகுதி கலப்படம். ஒரு பகுதி வெறும் முலாம்.

பொன்னான பகுதி

பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்பவனைப் பற்றிய இயல் முதல் வகையைச் சேர்ந்தது. 1722 பிப்ரவரி 10-இல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், லோப்பஸ் முனைக்கு அருகே, 'சுவாலோ' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் அவனைத் தாக்கிக் கொன்றது. பிடிபட்ட அவன் ஆட்கள் இன்றைய கானா நாட்டிலுள்ள கேப் கோஸ்ட் கோட்டையில் விசாரிக்கப்பட்டனர். ஐம்பத்திருவர் தூக்கிலிடப்பட்டனர். அப்போர்க்கப்பலின் மருத்துவராகிய ஜான் அட்கின்ஸ் என்பவரே மன்றப் பதிவாளராகவும் இருந்தார். அவர் வழி வந்த செய்திகள் இவ்வியலுக்கு அடிப்படையாயின. 1735-இல் அவர் தம் பெயராலேயே வெளியிட்ட பயண நூலும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

ராபர்ட்ஸின் கப்பலில் நிலவிய விதிகள் இவ்வியலில் உள்ளன. பொதுக் காரியங்களில் ஒவ்வொருவனுக்கும் ஒரு வாக்கு. கொள்ளைப் பொருளில் தலைவனுக்கும், பங்கிட்டுக் கொடுக்கும் துணைத் தலைவனுக்கும் இரண்டிரண்டு பங்கு, ஏனையோர்க்கு ஒவ்வொன்று, இடைப்பட்ட பதவியினர்க்கு ஒன்றரையும் ஒன்றேகாலும். போரில் கையோ காலோ இழந்தவனுக்குப் பொதுப் பணத்திலிருந்து 800 வெள்ளி. காசு வைத்துச் சூதாடலாகாது. இரவு எட்டு மணிக்கு விளக்கணைக்க வேண்டும். கையொப்பமிட்ட மூலத்தைக் கொள்ளையர் கடலில் எறிந்துவிட்டனர் என்றும், பிடிபட்டோர் சொன்னவற்றிலிருந்து திரட்டிய சாரமே தாம் தருவது என்றும் ஆசிரியர் வெளிப்படையாகக் கூறுகிறார். தம் சான்றின் எல்லையைத் தாமே சொல்லும் இடம் இது; ஆதலின் நம்பத்தக்க இடமும் இதுவே.

மாலுமிகள் இத்தகைய விதிகளை ஏன் விரும்பினர்? 1713-இல் ஸ்பானிய அரசுரிமைப் போர் ஓய்ந்தது. ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேராய் இருந்த ஆங்கிலக் கடற்படை, இரண்டே ஆண்டுகளில் பதின்மூவாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிற்று. வேலையிழந்தோர் துறைமுகங்களில் குவிந்தனர். வணிகக் கப்பல்களில் மாதக் கூலி ஏறக்குறைய பாதியாக விழுந்தது; உணவு குறைந்தது; சவுக்கடி குறையவில்லை. 1719-இல் கொள்ளையரிடம் பிடிபட்ட வில்லியம் ஸ்னெல்கிரேவ் என்னும் கப்பல் தலைவர் இதற்குச் சான்றாவார். கொள்ளையன் ஒருவன் அவரைச் சுடப்போன வேளையில், 'இவர் எங்களுக்கு நல்லவர்' என்று அவருடைய மாலுமிகளே கூவித் தடுத்தனர். அதனால் அவர் உயிர் தப்பிற்று. கொடிய தலைவனாய் இருந்திருந்தால் தப்பியிருக்க மாட்டார்.

விலங்கை அவிழ்க்க நேரமில்லை

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால், கொள்ளையர் உரிமை வீரர் என்று தோன்றும். இக்காலத்து வரலாற்றாசிரியர் சிலர் அவ்வாறே அவர்களை உயர்த்திப் பேசுகின்றனர். ஆனால் அதே ராபர்ட்ஸ் இயலில் மற்றொரு நிகழ்ச்சியும் இருக்கிறது. 1722 ஜனவரியில் உய்தா என்னும் அடிமை வாணிகத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை ராபர்ட்ஸ் வளைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பவுண்டு எடையுள்ள பொன்தூளை மீட்புப்பொருளாகக் கேட்டான். 'போர்க்குபைன்' என்னும் கப்பலின் தலைவன் தர மறுத்தான். அதைக் கொளுத்துமாறு கட்டளை பிறந்தது. உள்ளே எண்பது ஆப்பிரிக்க அடிமைகள் இருவர் இருவராக விலங்கிடப்பட்டிருந்தனர். விலங்கை அவிழ்க்க நேரமும் உழைப்பும் ஆகுமே என்று, அவர்களோடு சேர்த்தே கப்பலுக்குத் தீ வைத்தனர். கடலில் குதித்தவர்களைச் சுறாக்கள் கிழித்தன. குதியாதவர்கள் வெந்து மடிந்தனர்.

ஒருவனுக்கு ஒரு வாக்கு என்ற விதியை எழுதியவர்களும் இவர்களே. எண்பது பேரை விலங்கோடு எரித்தவர்களும் இவர்களே. முதற்செய்தியை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விடுவது ஆராய்ச்சி ஆகாது. மறுபுறம், கொள்ளையரை அடக்கிய அரசும் தூய்மையானது அன்று. ராபர்ட்ஸின் கப்பல்களில் பிடிபட்ட ஆப்பிரிக்கர் அறுபதுக்கு மேற்பட்டோர் அடிமைகளாகவே விற்கப்பட்டனர். மாலுமிகளுக்கு நல்லவராய் இருந்த ஸ்னெல்கிரேவும் அடிமை வாணிகரே.

கலப்படமும் முலாமும்

மேரி ரீட், ஆன் பானி என்னும் இரு பெண்களைப் பற்றிய இயல் இரண்டாம் வகை. 1720 நவம்பரில் ஜமைக்காவில் அவர்கள் விசாரிக்கப்பட்டதும், கருவுற்றிருப்பதாகச் சொல்லித் தூக்கிலிருந்து தப்பியதும் 1721-இல் அச்சான வழக்குப் பதிவால் உறுதிப்படும். அவர்களுடைய பிறப்பு, வளர்ப்பு, காதல் ஆகியவற்றை ஜான்சன் விரித்துரைப்பதற்கோ அவர் நூலன்றி வேறு சான்றில்லை. 'கருந்தாடி' எனப்பட்ட எட்வர்டு தீச்சின் நிலையும் இதுவே. 1717-இல் அவனிடம் சிக்கிய கப்பல் தலைவர் ஒருவர், நெடிய மெலிந்த உருவமும் மிக நீண்ட கரிய தாடியும் உடையவன் என்று மட்டுமே வாக்குமூலம் தந்தார். போரின்போது தொப்பியின் கீழே எரியும் திரிகளைச் செருகிக்கொள்வான் என்னும் செய்தி ஜான்சன் நூலில் வருவது. படமும் கதையும் பற்றிக்கொண்டது அந்தத் திரியைத்தான்!

மூன்றாம் வகைக்கு எடுத்துக்காட்டு, 1728-ஆம் ஆண்டுப் பகுதியில் வரும் மிசன் வரலாறு. மிசன் என்னும் பிரெஞ்சுக்காரன் மடகாஸ்கரில் 'லிபர்ட்டேலியா' என்னும் பொதுவுடைமைக் குடியரசை நிறுவி, அடிமைகளை விடுவித்து, சாதி நிற வேற்றுமையின்றி ஆண்டானாம். இப்படி ஒருவன் இருந்ததற்கு எந்த ஆவணமும் இல்லை. அறிஞர் பலர் நெடுங்காலம் இதை மெய்யென நம்பினர். நல்ல கனவு என்பதற்காக அது வரலாறு ஆகிவிடாது.

கதை மறைத்தவர்கள்

ஜான்சன் கதைகளை வளர்த்தவர் மட்டும் அல்லர், உடைத்தவரும் ஆவார். 1695-இல் ஹென்றி எவரி என்பவன், மக்கத்து யாத்திரையிலிருந்து சூரத்துக்குத் திரும்பிய 'கஞ்சி சவாய்' என்னும் கப்பலைக் கொள்ளையிட்டான். அது முகலாயப் பேரரசர் அவுரங்கசீப்பின் கப்பல். எவரி பிடிபடவே இல்லை. அவன் முகலாய இளவரசியை மணந்து மடகாஸ்கருக்கு மன்னனானான் என்று லண்டனில் கதை கட்டினர். 1712-இல் நாடகமும் ஆடினர். அது பொய் என்று ஜான்சன் மறுத்தார். எனினும் வறுமையில் மாண்டான் என்று அவர் தரும் முடிவுக்கும் ஆவணச் சான்றில்லை.

இளவரசியை மணந்த கதைக்குப் பின்னே உண்மையில் நடந்தது வேறு. அக்கப்பலில் பெண்கள் பல நாள் கொடுமைக்கு உள்ளாயினர் என்றும், மானங்காக்கச் சிலர் கடலில் குதித்தனர் என்றும் முகலாய வரலாற்றாசிரியர் காபி கான் எழுதிவைத்தார். வன்கொடுமையைத் திருமணமாக மாற்றிய மேடையில், அப்பெண்களுக்கு இடமில்லாமல் போயிற்று.

கடற்கொள்ளைக் கதைகளின் பெருங்குறை, பலகை மேல் நடக்கவைத்தல், புதையல் புதைத்தல் போன்ற பொய்களைச் சேர்த்தது மட்டுமன்று. வில்லியம் கிட் 1699-இல் சிறிது பொருளைப் புதைத்ததும், அதிகாரிகள் அதை உடனே தோண்டி எடுத்ததும் உண்மையே. சேர்த்த பொய்களால் விளைந்த தீங்கு சிறிது. விட்ட உண்மைகளால் விளைந்த தீங்கு பெரிது. கூலி இழந்த மாலுமியும், விலங்கோடு வெந்த அடிமையும், கடலில் குதித்த பெண்ணும் கதையிலிருந்து நீங்கினர். கிளி மட்டும் நின்றது.

'புதையல் தீவு' சிறந்த கதை. மாணவர் அதைப் படித்து மகிழட்டும். படித்து முடித்தபின், போர்க்குபைன் கப்பலில் இருந்த எண்பது பேரையும் ஆசிரியர் அவர்களுக்கு எடுத்துச் சொல்வாராயின், கதை எது, வரலாறு எது என்று பிரித்தறியும் கல்வி அங்கேயே தொடங்கிவிடும்.