வாணி, நாவி: தமிழ் எழுதுகிறவருக்கு இரண்டு வரங்கள்

தமிழில் நாலு வரி எழுதுகிற யாரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "வாணியில் போட்டுப் பார்த்தீர்களா?" கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகிறவரிடமும் கேட்கிறேன், கவிதைத் தொகுப்பு போடப் போகிறவரிடமும் கேட்கிறேன். கூட்டுறவுச் சங்கத்துக்கு மனு எழுதும் பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடமும் கேட்டேன். நல்லதைக் கண்டவன் நாலு பேரிடம் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

வாணி என்பது இணையத்தில் இயங்கும் தமிழ் எழுத்துப்பிழை திருத்தி. நாவி அதன் இணை. சந்திப்பிழையைக் கண்டு சொல்வது அதன் வேலை. இரண்டையும் உருவாக்கியவர் நீச்சல்காரன் என்ற புனைபெயரில் எழுதும் கணித்தமிழ் ஆர்வலர். தமிழ் விக்கிப்பீடியாவில் உழைப்பவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். அங்கே நீச்சல்பாட் என்ற தானியங்கியை இயக்குபவரும் அவரே. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான கணிமை விருதை அவருக்கு வழங்கியது. என்னைக் கேட்டால், தமிழில் எழுதுகிற ஒவ்வொருவரும் அவருக்கு ஒரு நன்றி சொல்லியாக வேண்டும்.

நான் ஏன் இவ்வளவு பரவசப்படுகிறேன் என்பதைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஒரு மலர் கொண்டுவருகிறோம். கதை, கட்டுரை, ஊர் வரலாறு, பள்ளிப் பிள்ளைகளின் கவிதை என்று எல்லாம் அதில் இருக்கும். அத்தனையையும் சரிபார்த்து அச்சகத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியர் கோடு போட்ட தாளில் எழுதித் தருவார். கல்லூரி மாணவி செல்பேசியில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் குரல் தட்டச்சில் பேசிப் பேசியே முழுக் கட்டுரையையும் முடித்துவிடுவார். டி.டி.பி. கடையிலிருந்து வரும் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கும். அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

இப்படிப் பல கைகளிலிருந்து வருவதை ஒரு சீராக்குவது புரூஃப் பார்க்கிறவரின் வேலை. அரிசியில் கல் பொறுக்குவதைப் போன்ற வேலை அது. எவ்வளவு பொறுக்கினாலும் கடைசி வாயில் ஒன்று கடிபடும். காரணம் கவனக்குறைவு அல்ல. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது, தாளில் இருப்பதை விட்டுவிட்டு இருக்க வேண்டியதை மனம் படிக்கத் தொடங்கிவிடுகிறது. அனுபவமுள்ள மெய்ப்புத் திருத்துநர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பக்கத்தைப் படித்துச் சலிக்காத ஒரு துணை அங்கேதான் தேவைப்படுகிறது. வாணி சலிப்பதில்லை.

பயன்படுத்தும் முறை மிக எளிது. உரையைப் படியெடுத்து அதன் பெட்டியில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் போதும். ஐயத்துக்குரிய சொற்கள் தனித்துத் தெரியும். ஒரு சொல்லைத் தொட்டால் அதற்கான பரிந்துரைகள் வரும். சரியானதைத் தேர்ந்தால் சொல் திருந்திவிடும். 'முயற்ச்சி', 'பயிற்ச்சி' என்று கட்டுரைக்குக் கட்டுரை வந்துகொண்டிருந்த சொற்களெல்லாம் ஒரே பார்வையில் சிக்குவதைப் பார்ப்பதே எனக்கு ஓர் ஆனந்தம். 'ற்' என்ற வல்லின மெய்க்குப் பின் இன்னொரு மெய் இரட்டிக்காது என்பதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இப்போது அந்த வேலையைக் கருவி பார்த்துக்கொள்கிறது. எண்ணெயை 'எண்ணை' என்று எழுதுவது, முந்நூற்றை 'முன்னூறு' என்று எழுதுவது, வெந்நீரை 'வென்னீர்' ஆக்குவது, நாகரிகத்தை 'நாகரீகம்' என்று நீட்டுவது என நம் எழுத்தில் ஊறிப்போன வழக்கங்களைத் தேடிப் பிடிக்க இப்படி ஒரு துணை எவ்வளவு பெரிய கொடை!

இதில் இருக்கும் உழைப்பு எவ்வளவு பெரியது என்பது தமிழின் இயல்பை நினைத்தால்தான் விளங்கும். ஒரு சொல் பட்டியலைக் கணினிக்குள் ஏற்றிவிட்டு, அதில் இல்லாததெல்லாம் பிழை என்று சொல்லிவிட நம் மொழியில் முடியாது. 'படி' என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். படித்தேன், படிக்கிறாள், படிப்பார்கள், படிக்காமல், படித்திருந்தால், படித்துக்கொண்டிருந்தவர்களுக்காகத்தான் என்று அது நீண்டுகொண்டே போகும். எந்த அகராதியிலும் இந்த வடிவங்கள் எல்லாம் இருக்காது. பெயர்ச்சொல்லும் லேசுப்பட்டதல்ல. மரம் என்பது 'ஐ' சேர்ந்தால் மரத்தை ஆகிறது. வீடு வீட்டை ஆகிறது, ஆறு ஆற்றை ஆகிறது. அதே உகரத்தில் முடியும் காசு மட்டும் இரட்டிக்காமல் காசை என்றே நிற்கிறது. சுவர் என்பதோ சுவரில் என்றுதான் ஆக வேண்டும். ஆனால் ஊர் முழுக்க 'சுவற்றில் எழுதாதே' என்று எழுதி வைத்திருக்கிறோம்.

ஆகவே தமிழுக்குப் பிழை திருத்தி செய்ய வேண்டுமானால், சொல்லின் வேர் எது, அதன் மேல் எந்த விகுதி எந்த வரிசையில் ஏறும், ஏறும்போது எந்த எழுத்து மாறும் என்ற இலக்கணத்தையே கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகத் துறைகள் கூடிச் செய்ய வேண்டிய பெரும்பணி அது. அதைத் தன் ஆர்வத்தால் ஒருவர் எடுத்துக்கொண்டு, எல்லோரும் பயன்படுத்தும்படி இணையத்தில் வைத்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

இனி நாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுத்துப்பிழையாவது படித்தால் கண்ணில் படும். சந்திப்பிழை அப்படியல்ல. க், ச், த், ப் என்ற நான்கு ஒற்றுகள் எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் தமிழாசிரியர்களே நின்று யோசிப்பார்கள். அந்த, இந்த, எந்த என்ற சொற்களுக்குப் பின் வல்லினம் மிகும். அது, இது, எது என்ற சொற்களுக்குப் பின் மிகாது. இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு வந்தால் மிகும்; வினைத்தொகையில் மிகாது. இப்படி நீள்கிற விதிகளை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு மலர் முழுவதையும் பார்ப்பது கடினம். நாவியில் உரையைப் போட்டால், ஒற்று சேர வேண்டிய இடங்களை அது எடுத்துக்காட்டும். 'அந்த காலத்தில்' என்று வந்தது 'அந்தக் காலத்தில்' ஆகிறது. 'பள்ளிக்கு போனான்' என்பது 'பள்ளிக்குப் போனான்' ஆகிறது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒற்று விழுந்தவுடன் வாக்கியம் நிமிர்ந்து உட்கார்வது காதிலேயே கேட்கும்.

இது வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தந்த பலகை என்றால் ஒருவர் கொடுத்த பலகை. தந்தப் பலகை என்றால் யானைத் தந்தத்தால் செய்த பலகை. ஓர் ஒற்றில் பொருளே வேறாகிவிடுகிறது. இந்த நுட்பத்தை நம் முன்னோர் எவ்வளவு பெரிதாக மதித்தார்கள் தெரியுமா? பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் செய்த நன்னூலின் எழுத்ததிகாரத்தில் ஐந்து இயல்கள் இருக்கின்றன. அவற்றில் உயிரீற்றுப் புணரியல், மெய்யீற்றுப் புணரியல், உருபு புணரியல் என்று மூன்று இயல்கள் சொற்கள் சேரும் முறைக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. அதற்கும் மூத்த தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்திலும் புணர்ச்சிதான் பெரும்பகுதி. இந்த ஈறு நின்றால், இந்த எழுத்து வந்தால், இது நிகழும் என்று அடுக்கடுக்காக விதி சொல்லும் முறை அது. அந்த விதிகள் இன்று ஒரு செல்பேசித் திரையில் நமக்காக வேலை செய்கின்றன. தமிழ் படித்தவனுக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

எனக்கு மிகப் பிடித்த இன்னொரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கருவிகள் ஐயத்தைக் காட்டுகின்றன. முடிவை நம்மிடம் விட்டுவிடுகின்றன. எங்கள் மலரில் வட்டார வழக்கில் கதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 'அவுக நேத்தே வந்தாக' என்று ஒரு பாட்டி பேசினால் அது அப்படியேதான் அச்சாக வேண்டும். கருவி அதைப் பிழையென்று காட்டினாலும், பாட்டியின் பேச்சை விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். ஊர்ப்பெயர், ஆள்பெயர், பயிரின் பெயர் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். எழுதியவரின் குரல் எழுதியவரிடமே இருக்கிறது. பிழை மட்டும் போகிறது.

மனிதக் கண்ணுக்கும் இதில் இடம் இருக்கிறது. குரல் தட்டச்சில் 'பழம் சாப்பிட்டேன்' என்று சொன்னது 'பலம் சாப்பிட்டேன்' என்று விழுந்தால், பலம் என்பதும் வழக்கில் உள்ள சொல்தான். எழுத்தை மட்டும் பார்க்கும் கருவி அதைத் தடுக்காது. அறமும் அரமும் இடம் மாறினாலும் அப்படித்தான். அதைப் படிக்கிறவர்தான் பிடிக்க வேண்டும். சில்லறைப் பிழைகளை எல்லாம் வாணியும் நாவியும் எடுத்துவிடுவதால், பொருளைக் கவனிக்கக் கண்ணில் தெம்பு மிஞ்சுகிறது. முன்பு ஒற்றுகளோடு மல்லாடிய நேரத்தில் இப்போது நான் எழுதியவரோடு பேசுகிறேன். இந்தப் பத்தி முன்னால் வந்தால் நன்றாக இருக்குமா, இந்த ஆண்டு சரிதானா என்று கேட்கிறேன். பதிப்பாசிரியரின் உண்மையான வேலை அதுதானே!

திருத்திய உரையைக் கூகுள் டாக்ஸில் ஏற்றி, பரிந்துரைக்கும் முறையில் வைத்து, எழுதியவருக்கே இணைப்பை அனுப்பிவிடுகிறேன். எந்த இடத்தில் எதை மாற்றினேன் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். ஏற்கலாம், மறுக்கலாம், ஓரத்தில் குறிப்பு எழுதிக் கேட்கலாம். 'என் கதையை என்னைக் கேட்காமல் மாற்றிவிட்டார்கள்' என்ற மனத்தாங்கலுக்கே இடமில்லை.

இதனால் விளைந்த நன்மைகளில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது எழுதுகிறவர்களிடம் வந்த மாற்றம். கல்லூரி மாணவி ஒருத்தி இப்போது தானே வாணியில் பார்த்துவிட்டுத்தான் கட்டுரை அனுப்புகிறாள். "அண்ணா, 'இந்த'வுக்கு அப்புறம் ஒற்று தானா கையில வந்துடுது. நாவி காட்டிக் காட்டியே பழகிடுச்சு" என்றாள் போன வாரம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துபோன இலக்கணம், தன் சொந்த வாக்கியத்தில் வந்து நிற்கும்போது மனத்தில் ஊன்றிவிடுகிறது. டி.டி.பி. செய்யும் தம்பியும் போன மலர் முடிந்ததும், "என்னண்ணே, இந்தத் தடவை கரெக்‌ஷனே வரலியே!" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் பட்டமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு 2009இல் உக்ரைனியர்கள் தொடங்கிய கிராமர்லி போன்ற துணைகள் எப்போதோ வந்துவிட்டன. அலுவலக மடல் எழுதுகிறவர் முதல் ஆய்வேடு எழுதுகிறவர் வரை அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஜெர்மனியில் டேனியல் நாபர் தொடங்கிய லாங்குவேஜ்டூல் என்ற கட்டற்ற மென்பொருளிலும் தமிழ் ஒரு மொழியாகச் சேர்ந்திருக்கிறது. ஆனால் தமிழுக்கென்றே, தமிழின் விதிகளை நெஞ்சில் வைத்துக் கட்டப்பட்டவை என்ற வகையில் வாணிக்கும் நாவிக்கும் என் மனத்தில் தனி இடம் உண்டு.

இதைப் படிக்கிற உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஆசிரியராக இருந்தால், கணினி அறையில் ஒரு பாடவேளை ஒதுக்கிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரையை அவர்களே இதில் போட்டுப் பார்க்கச் செய்யுங்கள். அச்சகம் நடத்துபவராக இருந்தால், பிளக்ஸ் பேனராக இருந்தாலும் கோயில் மலராக இருந்தாலும், அடிக்கும் முன் ஒரு முறை இதில் ஓட்டிவிடுங்கள். அலுவலகத்தில் இருப்பவர் என்றால் சுற்றறிக்கைக்கும் பயன்படுத்துங்கள். எழுத்தாளர் என்றால் பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் உங்கள் பிரதியை நீங்களே ஒரு முறை சலித்துக்கொள்ளுங்கள். நல்ல தமிழ் எழுதப் புலவர் பட்டம் வேண்டியதில்லை. இணைய இணைப்பும் சற்றே பொறுமையும் இருந்தால் போதும். இன்றைக்கே ஒரு பக்கம் போட்டுப் பாருங்கள்.