தடுப்புக்குப் பின்னால் ஒருவர்

பெங்களூரிலிருந்து கேம் தொடர்பாக ஒரு செய்தி வந்தால் அது பெரும்பாலும் பணத்தைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோதான் இருக்கும். 1997-இல் ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், இந்தியாவின் முதல் கேம் நிறுவனங்களில் ஒன்று. அது கேம் நிறுவனமான ராக்ஸ்டாரின் கைக்கு 2019-இல் போனது செய்தி. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராகக் கர்நாடக அரசு 2021-இல் கொண்டுவந்த சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை மறு ஆண்டு பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் செய்தி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே அந்த விளையாட்டுகளை நாடு முழுவதற்கும் தடை செய்தது அதைவிடப் பெரிய செய்தி.

இந்த இரைச்சல் எட்டாத இடத்தில், கோரமங்கலா, இந்திரா நகர் பக்கத்துக் கஃபேக்களிலும் வாடகை வீட்டுக் கூடங்களிலும், திரையே இல்லாத ஒரு விளையாட்டு நடந்துகொண்டிருக்கிறது. ஐந்தாறு பேர், ஒரு மேசை, இருபது முகப் பகடை, பென்சில், ஆளுக்கொரு கேரக்டர் ஷீட். மேசையின் தலைமாட்டில், மடக்கி நிறுத்திய அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் கேம் மாஸ்டர். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுபவர்கள் அவரை டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) என்பார்கள். கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று சொல்பவர் அவர். கதவைத் திறக்கும் கதாபாத்திரத்துக்கு என்ன ஆகிறது என்று தீர்ப்பு சொல்பவரும் அவரே. சத்திரக்காரர், அரசி, கொள்ளைக்காரன், கொள்ளைக்காரனின் கழுதை எல்லாவற்றுக்கும் குரல் கொடுப்பதும் அவர் வேலைதான்.

இந்த விளையாட்டின் பலமும் பலவீனமும் அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன. புத்தகம், நிறுவனம், புதிய பதிப்பு பற்றியெல்லாம் எழுதித் தள்ளும் கேம் இதழியல், அந்த நாற்காலியின் பக்கம் அதிகம் திரும்புவதில்லை.

பலத்தை முதலில் பார்க்கலாம். பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3', டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிகளைக் கணினிக்குள் கொண்டுவந்த கேம். அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதும் அதற்கே கிடைத்தது. அதன் முடிவுகளில் மட்டும் 17,000 வேறுபாடுகள் உண்டு என்று தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். அசுர உழைப்புதான். ஆனாலும் அந்த உலகத்தில் ஓர் ஆட்டக்காரர், "பூதத்தோடு சண்டை வேண்டாம், இந்தக் குகை வாசலில் டீக்கடை போடுகிறேன்" என்று சொல்ல முடியாது. எழுதி வைக்காத வழி அங்கே இல்லை. மேசையில் அதைச் சொல்லலாம். நல்ல கேம் மாஸ்டர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, பூதத்துக்குச் சர்க்கரை அதிகம் வேண்டுமா என்று கேட்பார். அடுத்த இரண்டு மணி நேரம் அந்த டீக்கடையைச் சுற்றியே போகும். வீடியோ கேம் எவ்வளவு வளர்ந்தாலும் இந்த ஓர் இடத்தில் மேசையைத் தொட முடியவில்லை.

அந்தச் சுதந்திரத்துக்கு ஒருவர் விலை கொடுக்கிறார். இது பிறவியிலேயே ஒட்டிக்கொண்ட சிக்கல். 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் தன் நண்பர்களுக்காக 'பிரவுன்ஸ்டைன்' என்றொரு போர் விளையாட்டை நடத்தினார். ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர்க்காரர் வேடம். ஆட்டம் முறையாகத் தொடங்கும் முன்பே ஆளுக்கொரு மூலைக்குப் போய் ரகசியப் பேரம், சண்டை, சதி என்று இறங்கிவிட்டார்கள். அத்தனைக்கும் தீர்ப்புச் சொல்லித் திணறிய வெஸ்லி, ஆட்டம் தோல்வி என்றே நினைத்தார். நண்பர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அந்த வட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன்தான் பிறகு கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார். மேசையைச் சுற்றியிருப்பவர்களுக்குக் கொண்டாட்டம், நடத்துபவருக்கு மூச்சுத்திணறல்: இந்தக் கணக்கு அரை நூற்றாண்டாக அதிகம் மாறவில்லை.

தெருக்கூத்தின் கட்டியக்காரனை இங்கே நினைத்துப் பார்க்கலாம். பாத்திரத்தை அறிமுகம் செய்வது, பார்வையாளர் போடும் சத்தத்துக்குப் பதில் சொல்வது, தொய்வு விழுந்தால் தூக்கி நிறுத்துவது எல்லாம் அவன் பொறுப்பு. ஆனால் துரியோதனனுக்கும் திரௌபதிக்கும் வேறு ஆள் உண்டு. பின்னால் மேளக்காரர்கள் உண்டு. கதை ஊருக்கே தெரியும். கேம் மாஸ்டருக்கு இவை எதுவும் இல்லை.

தீர்ப்புச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் உதாரணம். 2014-இல் புதியவர்களுக்காக வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஸ்டார்ட்டர் செட்டில் 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்' என்ற சாகசம் இருக்கிறது. உலகெங்கும் புதிய கேம் மாஸ்டர்கள் பலர் கை பழகியது இதில்தான். சரக்கு வண்டியோடு போகும் குழு, வழியில் செத்துக் கிடக்கும் இரண்டு குதிரைகளைப் பார்க்கிறது. புதருக்குள் கோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் நான்கு. முதல் நிலை மந்திரவாதிக்கு இருப்பது ஏழெட்டு உயிர்ப்புள்ளி. கோப்ளின் அம்பு ஒன்று பட்டால் 3 முதல் 8 வரை போய்விடும். இரண்டு அம்பு போதும். கெட்ட நேரமாக இருந்தால் ஒன்றே போதும். அரை மணி நேரம் செலவழித்துப் பெயரும் பூர்வீகமும் எழுதிய புதிய ஆட்டக்காரரின் கதாபாத்திரம் முதல் சண்டையிலேயே தரையில் கிடக்கலாம்.

தடுப்புக்குப் பின்னால் பகடைக் கணக்கு எட்டு வருகிறது. கேம் மாஸ்டர் "நான்கு" என்கிறார். யாருக்கும் தெரியாது.

இது கருணையா, ஏமாற்றா என்பதில் கேம் மாஸ்டர்களுக்குள் தீராத சண்டை உண்டு. பகடையைத் திறந்த மேசையில் உருட்டுவதே நேர்மை என்பது ஒரு கட்சி. கதைதான் முக்கியம், பகடை அதற்கு வேலைக்காரன் என்பது மறு கட்சி. திறந்த உருட்டலின் பக்கமே நியாயம் அதிகம். தோற்கவே முடியாது என்று தெரிந்துவிட்டால், பாலத்தின் விளிம்பில் ஒருவர் பகடையைக் கையில் குலுக்கும்போது மேசை முழுதும் அடங்குகிறதே, அந்த அமைதி போய்விடும். ஆனால் பெங்களூரின் சூழல் மறு கட்சியின் பக்கமே தள்ளுகிறது. காரணம் காசு.

நகரத்தில் இந்த ஆட்டம் இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, நண்பர் வீட்டு மேசை. அதற்கு முதல் எதிரி டிராகன் அல்ல, நேரம். டாம்டாம் நிறுவனத்தின் 2019 போக்குவரத்துக் கணக்கில் 71 சதவீத நெரிசலோடு உலகிலேயே முதலிடம் பிடித்த ஊர் இது. ஒயிட்ஃபீல்டில் ஒருவர், ஜே.பி. நகரில் ஒருவர், இரவு எட்டு மணிக்கு அமெரிக்க கிளையன்ட்டோடு கால் உள்ளவர் ஒருவர் என்று ஐந்து பேரை மாதம் நான்கு முறை ஒரே மேசைக்குக் கொண்டுவருவது கேம் மாஸ்டரின் தலையில்தான் விழுகிறது. வாட்ஸ்அப்பில் நாள் குறிப்பது அவர். ஆட்டத்துக்கு முன்பு வரைபடம் வரைந்து, எதிரிகளைக் கணக்கிட்டு, ஊர்களுக்குப் பெயர் வைத்து மாலைகளைச் செலவழிப்பதும் அவர். இருவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் அத்தனையும் வீண். கொரோனா காலத்தில் ரோல்20, டிஸ்கார்டு என்று இணையத்துக்கு நகர்ந்த குழுக்கள் பல அங்கேயே தங்கிவிட்டதில் வியப்பில்லை. பயணம் மிச்சம். ஆனால் ஏற்கெனவே நாள் முழுக்க திரையைப் பார்த்தவர்கள் மறுபடி திரையைப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, கட்டண மேசை. கஃபேயில் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஒரே அமர்வில் முடியும் மூன்று நான்கு மணி நேர ஒன்-ஷாட் நடத்துவது. இதைக் கேவலமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நட்பில் நடப்பதற்குக் காசா என்று. அந்த வாதம் நிற்காது. பாட்டுக் கச்சேரிக்கும் யோகா வகுப்புக்கும் காசு கொடுப்பவர்கள் இந்த உழைப்பை மட்டும் இலவசமாகக் கேட்பதில் என்ன நியாயம்? காசு கொடுத்தவர் நேரத்துக்கு வருகிறார் என்பதும் உண்மை. ஊருக்குப் புதிதாக வந்தவர், யாரையும் தெரியாதவர், ஆண்கள் மட்டுமே உள்ள நண்பர் குழுவில் நுழையத் தயங்கும் பெண், இவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதும் கட்டண மேசைதான். அறிமுகமில்லாதவர்கள் சேர்ந்து ஆடும் இடம் என்பதால், பிடிக்காத காட்சி வந்தால் தொட்டு நிறுத்தும் எக்ஸ் கார்டு போன்ற ஏற்பாடுகளையும், ஆட்டத்துக்கு முன்பே எல்லைகளைப் பேசிவிடும் பழக்கத்தையும் அங்கே கூடுதல் கவனத்தோடு பின்பற்ற வேண்டியிருக்கிறது. வீட்டு மேசைகள் அதைக் கற்றுக்கொண்டால் நல்லது.

கோளாறு வேறிடத்தில். காசு கொடுத்தவர் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார்; வாடிக்கையாளரை முதல் அரை மணி நேரத்தில் சாகடித்துவிட்டு மீதி நேரம் சும்மா உட்காரவைக்க முடியாது. அதனால் பகடைக் கணக்கு எட்டு வந்தாலும் நான்கு ஆகிறது. நான்கு மணி நேரத்துக்குள் முடிவுக்கு வந்தாக வேண்டும் என்பதால் டீக்கடைக்கும் இடமில்லை. ஆட்டக்காரர்களை மெதுவாகத் தண்டவாளத்தில் ஏற்றி, மூன்றாவது அறையில் உள்ள டிராகனிடம் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டியிருக்கிறது. எந்தச் சுதந்திரத்துக்காக வீடியோ கேமை விட்டு மேசைக்கு வந்தார்களோ அதுவே சுருங்கிவிடுகிறது.

இனி, அந்த மேசையில் ஆடுவது யாருடைய உலகம் என்ற கேள்வி. ஐந்தாம் பதிப்புப் புத்தகத்தில் ராட்சசன் என்றொரு எதிரி உண்டு. தலை புலித்தலை. 1977-இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' புத்தகத்தில் டேவிட் டிராம்பியர் வரைந்த படத்தில் ராட்சசர் அங்கி அணிந்து, புகைக்குழாய் பிடித்தபடி வீற்றிருப்பார். ராமாயணத்தில் தேடினால் இந்த ஆள் கிடைக்க மாட்டார். 'கோல்சாக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் 1974-ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றிலிருந்து கைகாக்ஸ் எடுத்துக்கொண்டவர் இவர். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் சாவார் என்பதும் அங்கிருந்து வந்ததே. 1980-இல் வந்த 'டெய்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' இன்னும் ஒருபடி மேலே போய் இந்திரன், காளி, கார்த்திகேயன் முதலானவர்களுக்கு உயிர்ப்புள்ளி கணக்குப் போட்டுக் கொடுத்தது. பழனிக்குக் காவடி எடுத்த குடும்பத்துப் பையன் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் கோபம் வருமோ சிரிப்பு வருமோ, அது அவரவர் பக்குவம்.

பின்னாளில் நிலைமை மாறாமல் இல்லை. 2022 ஜூலையில் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்' தொகுப்பில் கொல்கத்தாவைச் சேர்ந்த எழுத்தாளர் மிமி மண்டல் எழுதிய சாகசம் ஒன்று இருக்கிறது. வங்காளத்தின் ஆறுகளையும் காட்டையும் அடித்தளமாகக் கொண்டது. நல்ல முயற்சி. ஆனால் புத்தகம் வரும்வரை காத்திருக்க அவசியமே இல்லாத விளையாட்டு இது. புலித்தலையை எடுத்துவிட்டு ஜவ்வாது மலையில் ஒரு முனியப்பனை வைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அந்த மாலையிலேயே செய்யலாம். அப்படியிருந்தும் பெங்களூரின் மேசைகள் பலவற்றில் ஓடுவது நெவர்விண்டர், வாட்டர்டீப் போன்ற மேற்கத்தியக் கற்பனை ஊர்களே. பகலில் வெளிநாட்டு கேம்களுக்குக் கட்டடமும் காரும் வரைந்து கொடுத்து வளர்ந்த ஊர், இரவில் வெளிநாட்டு வரைபடத்தில் வழி தேடுகிறது. சோம்பல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. தயார் சாகசம் கேம் மாஸ்டரின் பல மாலைகளை மிச்சப்படுத்துகிறது. அதே நாற்காலிப் பிரச்சினைதான் வேறு வேடத்தில் வருகிறது.

2023 ஜனவரியில் இந்த உலகம் பற்றிய ஒரு செய்தி உண்மையிலேயே தீப்பிடித்தது. மற்றவர்களும் இந்த விதிகளை வைத்துப் புத்தகம் போடலாம் என்று 2000-இல் தந்திருந்த ஓபன் கேம் லைசென்ஸை, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் வெளியீட்டாளரான விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் மாற்றப் பார்த்தது. ஆண்டுக்கு ஏழரை லட்சம் டாலருக்கு மேல் வருமானம் வந்தால், மேற்பட்ட தொகையில் 25 சதவீதம் வரை கேட்ட வரைவு வெளியே கசிந்தது. ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக இணையச் சந்தாவை ரத்து செய்தார்கள். அந்த மாதம் 27-ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1-ஐ கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில், பால்டர்ஸ் கேட் 3 விருது வாங்கிய நான்காம் நாள், தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோ சுமார் 1,100 பேரை வீட்டுக்கு அனுப்பப்போவதாக அறிவித்தது. இரண்டும் உலகம் முழுக்கப் பேசப்பட்டன, நியாயமாகவே. ஆனால் அந்தச் செய்திகளின் கோபமெல்லாம் நிறுவனம் என்ன செய்கிறது என்பதில் நின்றுவிட்டது. கைக்கு வந்த உரிமத்தை வைத்து மேசைகள் என்ன செய்யலாம் என்ற பேச்சு அடங்கிப்போனது.

மாற்று வழிகளும் இல்லாமல் இல்லை. ஜேசன் மார்னிங்ஸ்டாரின் 'ஃபியாஸ்கோ' (2009), அலெக்ஸ் ராபர்ட்ஸின் 'ஃபார் தி குவீன்' (2019) ஆகியவற்றில் கேம் மாஸ்டரே கிடையாது. கதை சொல்லும் பொறுப்பு மேசையைச் சுற்றி வருகிறது. கிராண்ட் ஹவிட்டின் 'ஹனி ஹெய்ஸ்ட்' ஒரே பக்கம். எல்லோரும் கரடிகள், தேன் திருட வந்திருக்கிறார்கள். கரடித்தனம், திருட்டுத்தனம் என்று இரண்டே அளவுகள். கேம் மாஸ்டர் உண்டு, ஆனால் முன்தயாரிப்பு கிட்டத்தட்ட இல்லை. வார நடுவில் களைத்து வந்தவர்களுக்கு இவை வரப்பிரசாதம். ஒரு குறையும் சொல்ல வேண்டும்: கேம் மாஸ்டர் இல்லாத ஆட்டத்தில் கதவுக்கு அப்பால் என்ன என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் மர்மம் கூடுவதில்லை, குறைகிறது. ஒருவர் ஒளித்து வைத்ததை மற்றவர் மாதக்கணக்கில் தேடும் சுகத்தை இவற்றால் தர முடியாது. பல அமர்வுகளாகத் தொடரும் நீண்ட கேம்பெய்னுக்கு அந்த நாற்காலி வேண்டும். அதில் ஒரே ஆள் ஆண்டுக்கணக்கில் உட்கார வேண்டும் என்பதுதான் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் குழு, பழைய கேம் மாஸ்டருக்கு ஓய்வும் புதியவருக்குப் பயிற்சியும் தருகிறது.

அந்தப் புதியவர்கள் எங்கிருந்து வருவார்கள்? இப்போது ஆங்கிலத்தில் 300 பக்க விதிப்புத்தகம் படிக்கத் தெம்புள்ளவர்களே வருகிறார்கள். மேசைப் பேச்சில் கன்னடமும் தமிழும் இந்தியும் தாராளமாகக் கலந்தாலும் நுழைவுச் சீட்டு ஆங்கிலம்தான். எஸ்.ஆர்.டி. 5.1-க்கு பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ஸ்பானிய மொழிபெயர்ப்புகளை நிறுவனமே போட்டது. தமிழிலோ கன்னடத்திலோ போட அது வரப்போவதில்லை, வரவும் தேவையில்லை. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம் என்கிறது உரிமம். முழு நூலைக்கூடப் பெயர்க்க வேண்டாம். எட்டுப் பக்க விதிச்சுருக்கம், தயாராக எழுதிய நான்கு கதாபாத்திரங்கள், ஓர் ஊர், அந்த ஊரில் ஒரு தகராறு. பதினைந்து வயதுப் பிள்ளை முதல் ஆட்டத்தை நடத்த இவ்வளவு போதும். இடத்துக்கும் கஃபேயைத்தான் நம்ப வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் பொது நூலகங்கள் பல பதின்வயதினருக்கு இந்த விளையாட்டை இலவசமாக நடத்துகின்றன. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்திலோ ஒரு வட்டார நூலகத்திலோ ஞாயிறு மதியம் ஒரு மேசை கிடைத்தால், வாடிக்கையாளர் யாரும் இல்லாத அந்த இடத்தில், பகடையைத் தடுப்பு இல்லாமலே உருட்டலாம்.