விழா மலரில் இல்லாத புரவலர்கள்

சுயாதீனத் திரைப்பட விழா என்றதும் நாம் வழக்கமாகக் கேட்பவை இரண்டு கேள்விகள்தான்: என்னென்ன படங்கள் வந்திருக்கின்றன, பணம் யாருடையது. அரசு மானியமா, கம்பெனி விளம்பரமா, ரசிகர் சந்தாவா என்று பார்த்து அந்த விழாவின் சுயாதீனத்துக்கு மதிப்பெண் போட்டுவிடுகிறோம். விழாவை நடத்திக் கொடுத்தவர்களுக்கு என்ன கூலி என்று கேட்பதில்லை. கேட்டால் சங்கடமான ஓர் உண்மை வெளியே வரும். பல விழாக்களைத் தாங்கி நிற்கும் பெரிய புரவலர்களின் பெயர் மலரின் பின்னட்டையில் அச்சாவதில்லை. அவர்கள் மூன்று மாத ஒப்பந்தத்திலும், அரைச் சம்பளத்திலும், சில இடங்களில் ஒரு டெலிகேட் பாஸுக்காகவும் உழைப்பவர்கள். ஒரு விழாவின் ரசனை, துணிச்சல், தரம் என்று நாம் புகழ்வதெல்லாம் இவர்களுடைய வேலை நிலைமையைப் பொறுத்தது என்பதே என் வாதம்.

தேர்வு வேலையையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சுயாதீன சினிமாவின் தலைவாசல் எனப்படும் சன்டான்ஸ் விழாவுக்கு 2024ஆம் ஆண்டு மொத்தம் 17,435 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் முழுநீளப் படங்கள் 4,410. அந்த முழுநீளப் படங்களில் திரையிடப்பட்டவை நூறுக்கும் குறைவு. வந்த முழுநீளப் படங்கள் எல்லாவற்றையும் பார்க்க, படத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 6,615 மணி நேரம். தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கும் ஒரே ஆளுக்கு, ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், இரண்டே கால் ஆண்டு பிடிக்கும். அதைச் சில மாதங்களில் முடிக்க வேண்டுமென்றால் பலர் பங்குபோட்டுத்தான் பார்க்க முடியும். நாம் பெயரறிந்த தேர்வுக்குழுவுக்கு முன்னால் பெயர் தெரியாத முன்தேர்வாளர்கள் இருப்பது இதனால்தான். பல விழாக்களில் இவர்களுக்குக் கிடைப்பது படத்துக்கு இவ்வளவு என்ற சொற்பத் தொகை. அதுவும் இல்லாத விழாக்கள் உண்டு. படம் அனுப்பும் இயக்குநரிடம் மட்டும் கட்டணம் வாங்கிவிடுகிறார்கள், கடைசித் தேதி நெருங்க நெருங்கக் கூட்டியும் வாங்குகிறார்கள். கட்டணம் கட்டியவரின் படத்தைக் கூலி இல்லாதவர் பார்க்கிறார். இரவு பதினொரு மணிக்கு அன்றைய ஏழாவது படத்தைப் போடுகிறவர், முதல் இருபது நிமிடம் மெதுவாக நகரும் ஒரு படத்துக்கு எவ்வளவு பொறுமை தருவார்?

இது நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கேள்வி. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் புலி விருதை வென்றபோது தமிழ்நாடே கொண்டாடியது. வெயிலில் தகப்பனும் மகனும் நடந்துகொண்டே இருக்கும் படம் அது. நட்சத்திரம் இல்லை, இயக்குநருக்கும் முதல் படம். நடுவர் குழுவின் கண்ணுக்கு எட்டுமுன் அதை யாரோ அவசரமில்லாமல் முழுக்கப் பார்த்திருக்க வேண்டும், வேண்டும் என்று வாதாடியிருக்கவும் வேண்டும். அந்த அவகாசத்துக்கு விலை உண்டு. மறு ஆண்டே அதே ராட்டர்டாம் விழா, சீரமைப்பு என்று சொல்லித் தன் தேர்வாளர்கள் பலரை அனுப்பிவிட்டது. திரைத்துறையினர் எதிர்ப்புத் தெரிவித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். விருதைப் பற்றி எழுதிய நம் பத்திரிகைகளில் அந்தச் செய்திக்குக் கிடைத்த இடம் சொற்பம்.

தேர்வானதோடு வேலை முடிவதில்லை. படம் இப்போது ரீல் பெட்டியில் வருவதில்லை. டிசிபி எனப்படும் டிஜிட்டல் தொகுப்பாக ஹார்ட் டிஸ்க்கிலோ இணையம் வழியாகவோ வருகிறது. பூட்டு போட்டு வரும் தொகுப்பைத் திறக்கக் கேடிஎம் என்ற சாவிக் கோப்பு வேண்டும். அந்தச் சாவி குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு, குறிப்பிட்ட நாள் நேரத்துக்கு மட்டுமே செல்லும். கூட்டம் நெரிகிறது, சின்ன அரங்கிலிருந்து பெரிய அரங்குக்கு மாற்றுங்கள் என்று அமைப்பாளர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். புரொஜெக்ஷன் அறையில் இருப்பவருக்கு அது ஒரு வாக்கியம் அல்ல. தொகுப்பை வேறு சர்வரில் மறுபடி ஏற்ற வேண்டும், புதுச் சாவி கேட்டு வேறொரு கண்டத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் விநியோகஸ்தரை எழுப்ப வேண்டும், சப்டைட்டில் திரைக்குள் விழுகிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் நடக்கும்போது கீழே அரங்கில் விசில் பறக்கிறது.

இந்தியாவில் இன்னொரு சுமையும் சேர்கிறது. தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தை விழாவில் காட்ட ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு வேண்டும். பட்டியல், கதைச்சுருக்கம், கடிதம், நினைவூட்டல் கடிதம் என்று இதைத் துரத்துவதற்கே ஓர் ஆள் தேவை. 2017இல் கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழாவில் ரோஹித் வெமுலா, காஷ்மீர், ஜேஎன்யு பற்றிய மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. மேடையில் கருத்துச் சுதந்திரம் என்று முழங்கப்படுவது அலுவலக அறையில் கோப்பு வேலையாகத்தான் இருக்கிறது. அனுபவப்பட்ட ஆளை ஆண்டு முழுக்க வைத்துக்கொள்ள வசதியில்லாத விழா, வம்பு வேண்டாம் என்று சிக்கலான படத்தைப் பட்டியலிலேயே சேர்க்காமல் விட்டுவிடும் அபாயம் உண்டு. தணிக்கை அங்கேயே சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

சினிமா மேல் உள்ள காதலால் செய்கிறார்கள், காதலுக்குக் கூலி கேட்பதா என்று ஒரு மறுப்பு வரும். ராட்டர்டாம் விழாவே 1972இல் முதல் நாள் 17 பார்வையாளர்களோடுதான் தொடங்கியது. காதல் இல்லாமல் அது வளர்ந்திருக்காது. ஆனால் ஒரு வாரம் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கும் கல்லூரி மாணவரின் ஆர்வமும், ஆண்டுக்கு நான்கு விழாக்களில் மாறி மாறி வேலை பார்த்து இடைமாதங்களில் வாடகைக்குத் திண்டாடும் தேர்வாளரின் உழைப்பும் ஒன்றல்ல. கூலி இல்லாத வேலையில் வீட்டில் சோறு உத்தரவாதமாக உள்ளவர் மட்டுமே நீடிக்க முடியும். பிறகு அவருடைய ரசனைதான் விழாவின் ரசனையாகும். விளிம்புநிலை மனிதர்களின் கதையைத் தேடும் விழாவின் தேர்வு அறையில் விளிம்புநிலை மனிதர் ஒருவர்கூட இல்லாமல் போவது இப்படித்தான்.

சம்பளம் கொடுக்கச் சொன்னால் சிறிய விழாக்கள் செத்துப்போகும் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. 2006இல் கோரக்பூரில் தொடங்கிய எதிர்ப்பின் சினிமா இயக்கம் விளம்பரதாரர் வேண்டாம் என்று முடிவெடுத்து, பார்வையாளர் தரும் நன்கொடையிலேயே ஊர் ஊராக விழா நடத்தியது. அங்கே போய்ச் சம்பளப் பட்டியல் கேட்பது அபத்தம். எல்லோரும் கையிலிருந்து போட்டு நடத்தும் விழாவில் சுரண்டல் என்ற பேச்சுக்கு இடமில்லை. நுழைவுக் கட்டணம், விளம்பரம், மானியம் மூன்றும் வந்துசேர்ந்து, விருந்தினருக்கு நட்சத்திர விடுதியும் விமான டிக்கெட்டும் போடப்படும் இடத்தில், வேலை செய்தவருக்கு மட்டும் ‘பட்ஜெட் இல்லை’ என்று சொல்லப்படுவதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். பணம் இல்லாமையும் பணத்தை வேறிடத்தில் வைப்பதும் வேறு வேறு.

மேற்கே இது வெளிப்படையாகப் பேசப்படத் தொடங்கிவிட்டது. 2024 மே மாதம் கான் விழா தொடங்கும் முன், பிரான்சின் விழாத் தொழிலாளர் கூட்டமைப்பு ஒன்று வேலைநிறுத்த அழைப்பு விடுத்தது. அந்த நாட்டில் கலைத்துறையில் விட்டு விட்டு வேலை செய்வோருக்கு, பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை பார்த்திருந்தால் வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். படப்பிடிப்பில் விளக்குப் பிடிப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. அந்தப் படத்தை விழாவில் திரையேற்றுபவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. எங்களையும் சேருங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை.

நம்மிடம் அத்தகைய சட்டமோ சங்கமோ வரும்வரை அமைப்பாளர்கள் ஒன்றை மட்டும் செய்யலாம். விழா மலரில் முதலமைச்சரின் வாழ்த்துச் செய்திக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறார்கள். முன்தேர்வாளர், புரொஜெக்ஷன் ஊழியர், தன்னார்வலர் ஆகியோருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கட்டும். தொகை பூஜ்யமாக இருந்தால் பூஜ்யம் என்றே அச்சிடட்டும்.