அழுவதற்கென்று ஒருத்தி

துக்கம் காட்டும் பெண் சிலை எதைக் கண்டாலும் எனக்குள் முதலில் எழும் கேள்வி: இறந்தவருக்கு இவள் என்ன உறவு?

1751ஆம் ஆண்டையொட்டி லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பகுதிப் பட்டறையொன்றில் உருவான பீங்கான் சிலைக்கும் இதே கேள்விதான். அபூர்வமாகவே எஞ்சியிருக்கும் வெண்பீங்கான் உருவம் அது. அவ்வாண்டு மார்ச் 31 அன்று இறந்த வேல்ஸ் இளவரசர் ஃபிரெடரிக்குக்காகப் பிரிட்டானியா அமர்ந்து அழுகிறாள். கையில் கைக்குட்டை, அருகே சிங்கம். இளவரசரின் முகம் பதக்கத்தில் பக்கவாட்டில் தெளிவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆணுக்கு முகமும் பெயரும் உண்டு. பெண்ணுக்குக் கண்ணீர் மட்டும்.

பிரிட்டானியா அவருக்குத் தாயுமல்ல, மனைவியுமல்ல. ரோமானியர் தாங்கள் வென்ற தீவை நாணயத்தில் பெண்ணாகப் பொறித்தார்கள். பின்னர் அந்த உருவத்தையே அத்தீவின் அதிகாரம் தனக்கு அடையாளமாக்கிக்கொண்டது. தந்தையான இரண்டாம் ஜார்ஜ் மன்னருடன் பகைத்து நின்ற ஃபிரெடரிக், எதிரணி அரசியல்வாதிகளின் நம்பிக்கையாக இருந்தவர். எனவே இந்தக் கண்ணீர் வெறும் இரங்கல் அல்ல. ஒரு கட்சி நிலைப்பாடும்கூட. அதைச் சொல்ல ஒரு பெண்ணுடல் தேவைப்பட்டது.

உறவுள்ளவள் எங்கே? மனைவி அகஸ்டாவுக்கு அப்போது வயது 31. எட்டுக் குழந்தைகள்; ஒன்பதாவது வயிற்றில். கணவர் இறந்த சில மணி நேரத்தில் அவருடைய காகிதங்களை அவர் எரித்துவிட்டதாக அக்கால நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன. அழுதுகொண்டே இருக்க அவருக்கு நேரமில்லை. 12 வயது மகன் இப்போது அரியணைக்கு அடுத்த வாரிசு. மாமனாரின் தயவு வேண்டும். மகன் பருவமெய்தும் முன் மன்னர் இறந்தால் அகஸ்டா பொறுப்பாட்சி நடத்தலாம் என்று அதே ஆண்டில் சட்டம் வந்தது. ஆனால் தனியாக அல்ல. கணவரின் தம்பி கம்பர்லண்ட் கோமகன் தலைமையில் ஒரு குழு அவரோடு இருக்கும். ஜூலையில் பிறந்த மகள் கரோலின் மடில்டா தந்தையைப் பார்க்கவேயில்லை.

சிலையின் நேர்த்தியை நான் மறுக்கவில்லை. அதன் முன் நிற்பவருக்குத் தொண்டை அடைக்கலாம். ஆனால் அந்த நேர்த்தி எதை மறைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கற்பனைப் பெண்ணுக்கு முடிவில்லாமல் அழும் உரிமை தரப்பட்டிருக்கிறது. அவளுக்குப் பிள்ளையில்லை, பயமில்லை, நாளைய கவலையில்லை. துக்கத்தினூடே கணக்குப் போட்ட அகஸ்டாவுக்கு இச்சிலையில் இடமில்லை. நாட்டைப் பெண்ணாக்கி அழவைக்கும் எந்தக் கலையின் முன்னும் நாம் கேட்க வேண்டியது இதுதான்: அந்த வீட்டுப் பெண் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள்?