வரையாட்டின் முதுகில் ஒரு வெள்ளிச் சேணம்

மழை விட்ட காலையில் காந்திபுரம் மேம்பாலத்தில் போகிறவர்கள் வடக்கே ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். கடைப் பலகைகளுக்கும் செல்போன் கோபுரங்களுக்கும் பின்னால் நீலகிரி நிற்கும். ஊட்டி பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட்டுக்கு மல்லுக்கு நிற்கிற நமக்கு அது வேறு ஜில்லா. 1868 வரை அது கோயமுத்தூர் ஜில்லாவின் மலைதான். நம்ம கலெக்டர் சல்லிவன் 1819-ல் மேலே ஏறிப் போனார். அவருக்குப் பின்னால் வெள்ளைக்கார அதிகாரிகள் உடம்பைத் தேற்றிக்கொள்ள ஏறினார்கள். தேறிய உடம்பு சும்மா இருக்குமா, துப்பாக்கியைத் தூக்கியது.

புலி வேட்டைக் கதைகள் எனக்கு ருசிப்பதில்லை. தமுக்கு, கூச்சல், காட்டைக் கலைக்கும் ஆட்கள், பரண், கடைசியில் செத்த புலியின் மேல் பூட்ஸ் காலை வைத்து ஒரு போட்டோ. ஊட்டி ஹண்ட் என்று சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, சீமை நாய்களை விட்டு, வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குதிரைமேல் நரியைத் துரத்தினார்களே, அது கண்ணுக்கு ஜோர்தான். ஆனால் ஓட்டம்தான் அதிகம், நுணுக்கம் குறைவு. வரையாட்டு வேட்டை வேறு ஜாதி. கொலையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், மிச்சம் இருப்பதெல்லாம் பார்வைக் கலை.

முதலில் அந்த நிலம். ஊட்டியிலிருந்து மட்டக்குதிரையில் அவலாஞ்சி. 1823-ல் நடந்த பெரிய மண்சரிவால் அந்த இடத்துக்கு அந்தப் பெயர். அதற்கு மேற்கே குந்தா மலைகள், முக்குறுத்தி. மலை உச்சி என்றதும் பாறையும் முள்ளும் நினைவுக்கு வரும். அங்கே அப்படியில்லை. உருண்டு திரண்ட புல்மேடுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். மேடும் மேடும் கூடும் மடிப்பில் மட்டும் இருட்டாக ஒரு சோலை. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் குதிரையை நிம்மதியாக ஓட்டிப் போகக்கூடிய தரை இது. ஒரே ஆபத்து பள்ளத்துச் சதுப்பு. மேலாகப் பார்த்தால் அதுவும் புல்தான், சொல்லப்போனால் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் பளிச்சென்ற பச்சை. அந்தப் பளிச்சில் கால் வைத்த குதிரை வயிறு வரைக்கும் இறங்கிவிடும். வழிகாட்டி முன்னால் நடப்பான். அவன் கால் பட்ட இடத்தில்தான் குதிரையின் குளம்பு பட வேண்டும். துரையின் உயிர் சேணத்தில் இல்லை, முன்னே போகிற வெறுங்காலில் இருந்தது.

மேற்கு விளிம்புக்கு வந்தால் புல் திடுமென்று முடிந்துவிடும். சரிவு என்று சொல்ல ஒன்றுமில்லை. நேராகப் பாறை, அதன் அடியில் ஆயிரக்கணக்கான அடி கீழே மலையாளத்துக் காடு. வரையாடு குடியிருப்பது அந்த ஓரத்தில்தான். மேய்வதற்குப் புல்வெளி, ஓடி ஒளிவதற்குச் செங்குத்துப் பாறை. சிறுத்தையும் செந்நாயும் பின்தொடர முடியாத இடத்தில் அது சாவகாசமாக நின்று அசை போடும்.

அதனால் கடைசி மேட்டுக்கு இந்தப் பக்கமே குதிரையை நிறுத்தியாக வேண்டும். காட்டுப்பூவரசு மரத்தில் கடிவாளத்தைக் கட்டிவிட்டு, வழிகாட்டி ஒரு சிட்டிகை காய்ந்த புல்லைக் கிள்ளி விரலிடுக்கில் விடுவான். அது எந்தப் பக்கம் விழுகிறது என்பதில் இருக்கிறது அன்றைய சங்கதி. மனுஷ வாடை மந்தைப் பக்கம் போனால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். காற்று சாதகமாக இருந்தால் சுற்றிவளைத்து மந்தைக்கு மேலே போவார்கள். கீழிருந்து போனால் காரியம் ஆகாது. மந்தை மேயும்போது கிழட்டுப் பெட்டை ஒன்று பாறை நுனியில் காவல் நிற்கும்; அதன் கண் சரிவையே துழாவும். மேலேயிருந்து ஆபத்து வரும் என்ற எண்ணம் அதற்குக் குறைவு. மலையில் பிறந்த உயிரின் நியாயம் அது: வம்பெல்லாம் கீழிருந்துதான் ஏறி வரும். வேட்டைக்காரன் அந்த ஒரு அசட்டையைக் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

அப்படி மேலேயிருந்து குப்புறப் படுத்து எட்டிப் பார்ப்பவன் மந்தையில் தேடியது ஒன்றே ஒன்றை. பெட்டைகள் சாம்பலும் பழுப்புமாக, ஏறக்குறைய பாறை நிறம். இளங்கிடாக்கள் பழுப்பு. கிடாவுக்கு வயசு ஏற ஏற உடம்பு கறுத்து, கிட்டத்தட்டக் கரியாகி, முதுகின் நடுவில் மட்டும் வெள்ளி பூத்தது போல நரை விழும். கழுத்தின் கறுப்பு எங்கே முடிகிறது, வெள்ளி எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடியாது. இடுப்புப் பக்கம் கரைந்து போகும். சேணம் போட்ட மாதிரி இருப்பதால் ‘சாடில்பேக்’ என்றே பெயர் வைத்தார்கள். முகத்தில் நெற்றியிலிருந்து வாயோரம் வரைக்கும் வெளிறிய கோடு இறங்கும். கொம்புகள் இரண்டும் அடியில் நெருங்கிக் கிளம்பிப் பின்பக்கமாக வளையும். உட்புறம் தட்டையாகவும் வெளிப்புறம் வளைவாகவும் இருக்கும். ஏறத்தாழ நூறு கிலோ எடை, தோளுயரம் ஒரு மீட்டர். இத்தனை கனத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளங்கை அகலப் பாறை விளிம்பில் திரும்பி நிற்கும். இதை ஆட்டு இனத்தோடு சேர்த்துத்தான் ரொம்ப காலம் எழுதி வைத்திருந்தார்கள். 2005-ல் மரபணுவைப் பார்த்த பிறகு செம்மறிக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று ஆகி, தனிப் பேரினமாகப் பிரித்தார்கள்.

டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி இந்த வேட்டைக்காரர்களில் எனக்குப் பிடித்த ஆள், பிடிக்காத ஆளும் அவரே. சுட்டுத் தள்ளியவர். அதே கையால் 1860-களில் சென்னை அரசாங்கத்துக்காகப் பழனி மலை, ஆனைமலை முகடுகளைப் படமாக வரைந்தவரும் அவர்தான். குறி பார்த்துப் பழகிய கண் கோட்டிலும் பழகியிருக்கிறது. அவர் வேட்டைக் குறிப்புகள் 1892-ல் புத்தகமாயின. இந்தத் துரைமார் புத்தகங்களில் துப்பாக்கியின் தயாரிப்பாளர் பெயர் இருக்கும், கொம்பின் அளவு அங்குலக் கணக்கில் இருக்கும். புல்லைக் கிள்ளிக் காற்றுப் பார்த்தவன் பெரும்பாலும் வெறும் ‘ஷிகாரி’. இந்தக் கஞ்சத்தனத்தை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

சுட்டுச் சுட்டு மிருகம் அருகியபின் அவர்களுக்கே பயம் வந்தது. 1877-ல் வேட்டை விலங்குப் பாதுகாப்புக்கு ஒரு சங்கம், 1879-ல் நீலகிரிக்கென்று தனிச் சட்டம், லைசென்ஸ், தடைக்காலம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அந்தச் சங்கத்தின் வாரிசான நீலகிரி வனவிலங்குச் சங்கத்தின் செயலாளராக இருந்த ஈ.ஆர்.சி. டேவிதார், 1975-ல் வரையாட்டைப் பற்றிய முன்னோடி ஆய்வு ஒன்றை நடத்தினார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7-ஐத் தமிழக அரசு வரையாடு தினமாக வைத்திருக்கிறது.

அவருக்கு முன்னால் 1969-ல் ஜார்ஜ் ஷேலர் என்ற விலங்கியல் விஞ்ஞானி கேரளத்து இரவிகுளத்துக்கு வந்து வரையாட்டைப் பார்த்தார். அதுவும் தேயிலைத் துரைமாரின் பழைய வேட்டைக்காடுதான். முதுவர் பழங்குடியினர் அங்கே காவலர்கள். விஞ்ஞானி மந்தையை வகை பிரித்த விதத்தைப் பாருங்கள்: சாடில்பேக், கரும்பழுப்புக் கிடா, இளம்பழுப்புக் கிடா, பெட்டை, குட்டி. வேட்டைக்காரன் கண்ணில் இருந்த அதே ஏணி. எதைச் சுடலாம் என்று பிரித்த கண், எத்தனை கிழம் எத்தனை இளசு என்று எண்ணுவதற்கு அப்படியே கைமாறியிருக்கிறது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031. அடுத்த வருஷம் 1,303.

நேரில் பார்க்க முக்குறுத்தி வரைக்கும் போக வேண்டியதில்லை. பொள்ளாச்சி தாண்டி ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவில், ஒன்பதாவது லோம்ஸ் வியூ. அந்தப் பக்கத்துப் பாறைகளில் பெட்டையும் குட்டியுமாகத் தட்டுப்படும். பஸ் ஹாரனுக்கெல்லாம் காது கொடுக்காது. வெள்ளிச் சேணத்தைப் பார்க்கத்தான் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பெரிய கிடாக்கள் வருஷத்தில் பாதிக்குமேல் மந்தையை விட்டு ஒதுங்கித் திரியும். தென்மேற்குப் பருவமழையில்தான் ஜோடி தேடிப் பெட்டைகளோடு சேரும். ஆகவே ஆடியில் போங்கள். குடையை வீட்டில் வைத்துவிட்டு மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் காற்றுக்குக் குடை தாங்காது.